சேதாரம் எங்கே போகிறது

நகைக்கடை பில்லில் 'சேதாரம்' என்று ஒரு வரி இருக்கும். வாங்குகிற எல்லோருக்கும் அந்த வரியைப் பார்த்தால் கடுப்பு. எங்கள் வீட்டுக்கு அது சோறு. அப்பா கோயம்புத்தூர் செல்வபுரத்தில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தவர். அராவும்போது பறக்கிற பொடி, மூசையில் ஒட்டிக்கொள்வது, மெருகு போடும்போது தேய்வது எல்லாம் சேர்ந்ததுதான் சேதாரம். வாங்குகிறவருக்கு அது போனது போனதுதான். பட்டறையில் அப்படி எதுவும் போகாது. பலகைக்கு அடியில் விரிப்பு, விரிப்பை உதற ஒரு டப்பா, கை கழுவிய தண்ணீர் வடிய ஒரு தொட்டி. தரையைப் பெருக்கிய குப்பையைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள். அத்தனையையும் மீறிச் சாக்கடைக்குப் போகிறதே, அதற்கும் ஆள் உண்டு.

விடிகாலை ஐந்து மணிக்கு வந்து சாக்கடைச் சேற்றை வாளியில் அள்ளிக்கொண்டு போவார். மண் அரிக்கிறவர் என்போம். எனக்குப் பத்து வயசிருக்கும்போது, பின்னால் இருந்த காலி இடத்தில் அவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரும்புச் சட்டியில் சேற்றைப் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றச் சுழற்ற, லேசானதெல்லாம் வழிந்து அடியில் கறுப்பு மணல் நிற்கும். சின்ன பாட்டிலில் இருந்து பாதரசத்தை அதில் ஊற்றி உள்ளங்கையால் தேய்ப்பார். வெறுங்கைதான். பிறகு பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்குவார். துணியின் இழைகளுக்கு நடுவே குட்டிக் குட்டி உருண்டையாகப் பாதரசம் வெளியே வந்து கிண்ணத்தில் விழும். துணிக்குள் நிற்பது, பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அதைக் குமுட்டியில் வைத்து ஊதினால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு. புகை என்று கண்ணுக்கு எதுவும் தெரியாது.

"ரசம் போயிரும், தங்கம் நின்னுக்கும்" என்றார் அப்பா.

"எங்கீங்கப்பா போகும்?"

"காத்தோட போகும். வேறெங்க?"

அன்றைக்கே என் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். பொய். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்தபோது, உதவித்தொகை மிச்சம் இருந்த ஒரே திட்டம் பாதரசம். எடுத்துக்கொண்டேன். அந்தத் துணியும் குமுட்டியும் ஞாபகத்துக்கு வந்தது இரண்டு வருஷம் கழித்து, உலகத் தங்கச் சுரங்கக் கணக்கைப் படிக்கும்போதுதான்.

என் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு, "காற்றில் போன பாதரசம் எங்கே விழுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நாங்கள் ஓட்டுகிற மாதிரியின் (கம்ப்யூட்டர் மாடல்) பெயர் ஜியோஸ்-கெம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கு மேலேயும் காற்றை அடுக்கு அடுக்காக வெட்டி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பாதரசம் உள்ளே வருகிறது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, என்ன வேதிமாற்றம், மழையில் எவ்வளவு இறங்குகிறது என்று நிமிடக் கணக்கில் கூட்டிக் கழிக்கிற நிரல். பெரும்பகுதி ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழி. என்னைவிட வயதான வரிகள்கூட அதற்குள் இருக்கும் என்பது என் சந்தேகம்.

நான் அதிகம் பயன்படுத்தும் அளவில் ஒரு கட்டம் இரண்டு பாகை அகலாங்கு, இரண்டரைப் பாகை நெட்டாங்கு. நம் ஊர்ப் பக்கம் அது ஏறக்குறைய 220 கிலோமீட்டருக்கு 270 கிலோமீட்டர். முதல் வாரமே எங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்தேன் (எல்லோரும் இதைத்தான் முதலில் செய்வார்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்). கட்டங்களின் எல்லைக்கோடு வடக்கே 11 பாகையில் ஓடுகிறது. அது கோயம்புத்தூரை நடுவில் வெட்டுகிறது. ரயில் ஜங்ஷன் கீழ்க் கட்டம், காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் மேல் கட்டம். செல்வபுரம் கீழே. அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நாம மதுரைக்காரங்களோடவா இருக்கறோம்?" என்றார். ஆமாம். மதுரை, கொடைக்கானல், மூணாறு, தேனி எல்லாம் எங்களோடுதான். கொச்சிகூட மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு எண். வட அரைக்கோளத்தில் பொதுவாக அந்த எண், ஒரு கன மீட்டர் காற்றில் ஒன்றரை நானோகிராமை ஒட்டி நிற்கும்.

"மில்லிக்கும் கீழயா?" என்று கேட்டார். தங்க வேலையில் மில்லிகிராமுக்குக் கீழே பேச்சே கிடையாது. ஒரு மில்லியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோ என்றேன். "அதெல்லாம் ஒரு கணக்கா அம்மிணி" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வானத்திலிருந்து மீனுக்கு இறங்க வேண்டும். காற்றில் இருக்கிற ஒன்றரை நானோகிராமை மூச்சில் இழுத்து யாரும் நோயாளி ஆவதில்லை. அது ஏரியிலும் கடலிலும் விழுந்து, அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றி, பாசியிலிருந்து சின்ன மீனுக்கும் சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறும்போது, மேலே இருக்கிற மீனில் தண்ணீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலே போகும். அதனால்தான் நானோவை விரட்டுகிறோம்.

போன வருஷம் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு செய்து கொடுத்தார்கள். போனில் அந்தப் புட்டைக் காட்டினார்கள். தேங்காய் எண்ணெய் மினுமினுப்போடு, சோம்பு வாசனை இங்கே வரை வந்த மாதிரி இருந்தது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறா சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. பால் சுறா சின்ன ஜாதி, பெரிய சுறாவின் உடம்பில் ஏறுகிற அளவு இதில் ஏறியிருக்காது. இதை எல்லாம் யோசித்து நான் வாயைத் திறப்பதற்குள் புட்டு முடிந்துவிட்டது. அடுத்த முறை மத்தியும் நெத்திலியும் வாங்குங்கள் என்று மட்டும் சொன்னேன். அம்மா அதை விலை சம்பந்தப்பட்ட யோசனையாக எடுத்துக்கொண்டாள்.

சரி, மாதிரிக்கு வருகிறேன்.

பாதரசம் காற்றில் இரண்டு விதமாக இருக்கும். ஆய்வகப் பேச்சில் 'ஜீரோ' என்போம், 'டூ' என்போம். ஜீரோ என்பது தெர்மாமீட்டரில் இருக்கிற அதே பாதரசத்தின் ஆவி. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எதிலும் சுலபத்தில் ஒட்டாது, சில மாதங்கள் வரை சுற்றிக்கொண்டே இருக்கும்; அதற்குள் உலகத்தை ஒரு சுற்றுக்கு மேலேயே வந்துவிடும். டூ என்பது எலெக்ட்ரான்களை இழந்தது. அது மழையில் கரைந்து சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் இறங்கிவிடும். கடல் காற்றில் இருக்கிற புரோமின் ஜீரோவை டூ ஆக்குகிறது. வெயில் டூவைத் திரும்ப ஜீரோ ஆக்குகிறது. இந்த இரண்டு ஓட்டத்துக்கும் என்ன வேகம் என்பதில்தான் எங்கள் தொழிலின் பாதிச் சண்டை.

இதில் கொள்கைக்கு என்ன இருக்கிறது என்றால், எல்லாமே இருக்கிறது. ஒரு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வருவதில் பாதி ஜீரோ, பாதி டூ என்று வைத்துக்கொண்டால், டூ அந்த வட்டாரத்து ஏரியில் விழும். ஜீரோ உலகத்துச் சொத்து. ஆகவே 'நீ உன் புகையை அடக்கினால் யாருக்கு லாபம்' என்ற கேள்விக்குப் பதில் இந்த விகிதத்தில் இருக்கிறது. இந்திய நிலக்கரியில் குளோரின் குறைவு. குளோரின் குறைந்தால் டூ குறைவாக உண்டாகும். கந்தகத்தைப் பிடிக்க வைக்கிற கழுவு கோபுரம் டூவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், ஜீரோவை விட்டுவிடும். 2015 டிசம்பரில் இந்திய அரசு அனல்மின் நிலையங்களுக்கு முதல்முறையாகப் பாதரச வரம்பு வைத்தது: ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம். கூடவே கந்தகத்துக்கும் வரம்பு வைத்தார்கள். அந்தக் கோபுரங்களுக்கான கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். அறிவிப்பு கந்தகத்தைப் பற்றியதுதான். நான் என் கோப்பில் பாதரச எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. யாரும் பேசாத இடத்தில் ஒரு எண் மாறும், அதைத் தேடிப் பிடிப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

என் சொந்த மானம் போன கதை ஒன்று. அப்பா தினமும் சாயங்காலம் செய்த உருப்படியையும் மிச்சத் துண்டையும் பொடியையும் எடை போட்டுப் பார்ப்பார். மொத்தம் காலையில் கொடுத்த தங்கத்தின் எடைக்கு வர வேண்டும். நாங்களும் அதையேதான் செய்கிறோம்: காற்று, கடல், மண் மூன்றிலும் இருக்கிற பாதரசத்தைக் கூட்டினால் புதிதாக உள்ளே போட்டதற்கு மேல் ஒரு கிலோ ஏறக்கூடாது. நான் கடல் பகுதியை மாற்றி எழுதிய பிறகு என் உலகத்தில் வருஷத்துக்கு நூறு டன்னுக்கு மேல் தானாக முளைத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று மூன்று வாரம் தெரியவில்லை. கடைசியில் வித்தியாசத்தை மட்டும் வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். கண்டங்களின் விளிம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். கட்டத்தில் அறுபது சதவீதம் கடல், நாற்பது நிலம் என்றால், கடலிலிருந்து ஆவியாவதை அறுபது சதவீதத்துக்குத்தான் காற்றில் சேர்க்க வேண்டும். கடலில் கழிக்கும்போது சரியாகக் கழித்திருந்தேன். காற்றில் கூட்டும்போது முழுசாகக் கூட்டியிருந்தேன். விட்டுப்போனது ஒரே ஒரு பெருக்கல் குறி. அப்பாவிடம் சொன்னபோது, "எடை கூடி வந்தா இன்னும் மோசம், கூட வேலை பாக்கறவன் யாரோட சாமானோ கலந்திருக்கும்" என்றார். அதுதான் நடந்திருந்தது.

இப்போது பெரிய கணக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டில், 2015-ல் மனிதர்கள் காற்றில் விட்ட பாதரசம் சுமார் 2,220 டன். இதில் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்கள்; அதாவது மண் அரிக்கிறவர் செய்த அதே வேலை, பெருவிலும் கானாவிலும் இந்தோனேசியாவிலும், லட்சக்கணக்கான குமுட்டிகளில். அனல்மின் நிலையம் உட்பட நிலக்கரி எரிப்பது சுமார் 21 சதவீதம். பிறகு உலோகம் உருக்குவது, சிமென்ட்.

ஆனால் இன்றைக்கு வானத்திலிருந்து விழுகிற பாதரசம் எல்லாம் இந்த 2,220 டன்னில் இருந்து வந்ததில்லை. 2013-ல் ஹெலன் ஆமோஸும் சகாக்களும் ஒரு மாதிரியைக் கி.மு. 2000-லிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்பெயினின் அல்மதேன் பாதரசச் சுரங்கம், பொலிவியாவின் பொதோசியில் வெள்ளி பிரிக்கக் கலந்த பாதரசம், கலிபோர்னியாவின் தங்க வேட்டை, நிலக்கரி, எல்லாம் உள்ளே. முடிவு: இன்றைக்கு விழுவதில் 27 சதவீதம்தான் மனிதர்கள் இன்று விடுவது. 13 சதவீதம் எரிமலை முதலான இயற்கை. மிச்சம் 60 சதவீதம், எப்போதோ யாரோ விட்டது, மண்ணிலும் கடலிலும் படிந்து, ஆவியாகித் திரும்பத் திரும்ப எழுந்து வருவது.

சேதாரம் என்ற வார்த்தைக்கு என் மண்டையில் முழு அர்த்தம் கிடைத்தது இந்தக் கட்டுரையைப் படித்த அன்றுதான். பில்லில்தான் அது போய்விடுகிறது. சரக்கு எங்கேயும் போவதில்லை.

அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். இன்று பாதரசம் அதிகம் விடுவது ஆசியா. ஆனால் கடலின் மேல்மட்டத்தில் இருக்கிற பாதரசத்தில் ஆசிய மனிதர்கள் போட்டது 17 சதவீதம். வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்ந்து போட்டது 30. யாருடைய பாதரசம் என்று கேட்டால், எந்தத் தேதியில் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஒரு பயிலரங்குக்குப் போனேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'மெர்க்குரி கேம்' என்று ஒரு விளையாட்டை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பாதரச ஒப்பந்தம் பேசுகிற மாதிரி ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். விஞ்ஞானிகளுக்கு மேஜையின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக. எனக்கு வந்தது நிலக்கரியை நம்பியிருக்கிற ஒரு நாடு. எதிரே இருந்தவர் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "அறுபது சதவீதம் பழசு என்று உங்கள் மாதிரியே சொல்கிறது. அப்படியானால் நாங்கள் இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் குறைப்பதால் என்ன ஆகப்போகிறது?" என்றார். என் நாட்டுக்குச் சாதகமான கேள்வி. என் வேடப்படி நான் தலையாட்ட வேண்டும். ஆட்டினேன். வயிற்றைப் புரட்டியது.

ஏனென்றால் அந்த அறுபதும் ஒரு காலத்தில் அந்த இருபத்தேழாகத்தான் இருந்தது. இன்று விடுகிற டன் இன்றோடு முடிந்தால் அவர் கேட்டது சரி. அது அடுத்த தலைமுறையின் 'பழசு' ஆகிறது. வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிற கடனில் அசலும் வருஷா வருஷம் ஏறுகிற கதை. எண் ஒன்றுதான், அதை ஒருவர் 'ஏன் குறைக்க வேண்டும்' என்பதற்கும் இன்னொருவர் 'ஏன் இன்றே குறைக்க வேண்டும்' என்பதற்கும் எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து நான் எந்த அரங்கிலும் அறுபதைத் தனியாகச் சொல்வதில்லை. இன்று குறைத்தால் 2050-ல் எப்படி, பத்து வருஷம் கழித்துக் குறைத்தால் எப்படி என்ற இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அறுபதே கல்லில் வெட்டியது கிடையாது. ஸ்பானியர் காலத்து வெள்ளி வேலையில் போன பாதரசத்தில் பெரும்பகுதி காற்றில் போகவில்லை, கலோமெல் என்ற உப்பாகிக் கழிவோடு நின்றுவிட்டது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் பழைய பங்கு குறையும். நானூறு வருஷத்துக்கு முந்தைய சட்டியில் என்ன நடந்தது என்பது இன்றைய மேஜையில் இருக்கிற சதவீதக் கணக்கை நகர்த்துகிறது.

உண்மையான ஒப்பந்தம் 2013 ஜனவரியில் ஜெனீவாவில், கடைசி நாள் விடிய விடியப் பேசி முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் குமாமோட்டோவில் கையெழுத்து. பெயர் மினமாட்டா ஒப்பந்தம். 1956-ல் பாதரசத்தால் வந்த மினமாட்டா நோய் முதன்முதலாகப் பதிவான ஊரின் பெயர். 2017 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018-ல் சேர்ந்தது. நல்ல ஒப்பந்தம்தான். ஆனால் புகையைப் பற்றிய பிரிவைப் படித்தால், கட்டுப்படுத்த வேண்டும், இயலும் இடத்தில் குறைக்க வேண்டும் என்று இருக்கும். தங்கச் சுரங்கத்துக்கும் அப்படியே: குறைக்க வேண்டும், இயலும் இடத்தில் ஒழிக்க வேண்டும். 'இயலும் இடத்தில்' என்பதை ஃபோர்ட்ரானில் எப்படி எழுதுவது? யாருக்கு, எந்த வருஷம், எத்தனை சதவீதம் இயலும் என்று நாங்களே ஊகித்து மூன்று நான்கு விதமாக ஓட்டுகிறோம். ராஜதந்திரிகள் வேண்டுமென்றே மங்கலாக விட்ட இடத்தில் நாங்கள் எண் போடுகிறோம். பிறகு அந்த எண் ஒரு அறிக்கையில் ஏறி அவர்களிடமே போகிறது. இது எனக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம்தான்.

ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு, இது பலன் தருகிறதா என்று அவ்வப்போது பார்க்கச் சொல்கிறது. அங்கேதான் இப்போது சுவாரசியமான சிக்கல். உமிழ்வுப் பட்டியல்களைக் கூட்டினால் 2000-களுக்குப் பிறகு உலக மொத்தம் ஏறுகிறது. காற்றை அளந்தால் இறங்குகிறது. ஆரி ஃபைன்பெர்க், நோயெல் செலின் குழுவினர் வட அரைக்கோளத்தின் 51 நிலையங்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2005-லிருந்து 2020-க்குள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்திருக்கிறது. பட்டியலைப் போட்டு மாதிரியை ஓட்டினால் எதிர்ப்பக்கம் போகிறது. கடலிலிருந்து எழுவது குறைந்திருக்குமா, மண்ணிலிருந்து எழுவது குறைந்திருக்குமா என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தும் அந்தப் பத்து சதவீதம் வரவில்லை. மனிதர்கள் விடுவது குறைந்தால்தான் வருகிறது. அதாவது நாடுகள் எழுதிக் கொடுத்த கணக்கிலோ அதை நாங்கள் நிரப்பிய விதத்திலோ எங்கோ பிசகு. மாதிரி கொள்கைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வருங்காலத்தைச் சொல்வதைவிட, 'உன் நோட்டில் எழுதியிருப்பதும் தராசும் ஒத்துப்போகவில்லை' என்று சொல்வது.

எதற்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்பது கொடைக்கானலைப் பற்றித்தான். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து 1980-களில் அங்கே வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 2001-ல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் அதன் கண்ணாடிக் கழிவு மூட்டைகள் கிடந்தது, அந்த வருஷமே ஆலை மூடியது, 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது, பழைய தொழிலாளர்களுக்கு 2016-ல் உடன்பாடு, எல்லாம் தெரிந்த கதை. அதே கொடைக்கானலில் 2010-களின் முதல் பாதியில், ஐரோப்பிய நிதியில் நடந்த ஒரு உலகளாவிய வலைப்பின்னலின் பாதரச அளவீட்டு நிலையமும் சில காலம் இயங்கியது. அந்த எண்களோடு என் மாதிரியை ஒப்பிட்டேன். என் கட்டத்தில் தரை என்பது மலையும் சமவெளியும் சேர்ந்த சராசரி, சில நூறு மீட்டர் உயரம். நிலையமோ இரண்டாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேலே. ஆகவே கீழ் அடுக்கை விட்டுவிட்டு, காற்றில் அந்த உயரத்தில் இருக்கிற அடுக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் அது உலகக் காற்றைச் சொல்கிறது. ஆலைக்குக் கீழே இருக்கிற பாம்பார் சோலைக் காட்டின் பாசியில் என்ன இருக்கிறது, ஆலையில் வேலை செய்தவரின் சிறுநீரகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு மண்வெட்டியும் குப்பியும் எடுத்துக்கொண்டு நடக்கிற ஆட்கள் வேண்டும். என்னை அழைத்துக் கூட்டம் போடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஏமாந்து போகிறார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பட்டறையை மூடி நாலு வருஷம் ஆகிறது. அப்பா சும்மா இருக்கிறார் என்று அம்மாவுக்குக் கவலை. தங்கச் சுரங்கக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்: எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆளுக்கு எவ்வளவு தங்கம், ஒரு கிராம் தங்கத்துக்கு எத்தனை கிராம் பாதரசம், அதில் எவ்வளவு பங்கு திரும்பக் கிடைக்காமல் காற்றில் போகிறது. நான்கையும் பெருக்கினால் ஒரு நாடு. உலகம் முழுக்கக் கூட்டினால் 838 டன். 675 ஆகவும் இருக்கலாம், 1,000 ஆகவும் இருக்கலாம் என்று அறிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள்.

"அதுல நம்ம வீதி இருக்குதா?"

சுரங்கம் இருக்கிற இடத்துக்குத்தான் அந்தக் கணக்கு. நம் வீதியில் சுரங்கம் ஏது, இல்லை என்றேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பட்டறை நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். மண் அரிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் என்று வீதி வீதியாகப் பேர் சொல்லி எண்ணினார். ஒருத்தர் வாரத்துக்கு எவ்வளவு ரசம் வாங்குவார் என்பது அவருக்குத் தெரியும், சில சமயம் இவரே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"துணியில புழிஞ்சா முக்கால்வாசி பாட்டலுக்குத் திரும்பிரும். கால்வாசி போகும்னு போட்டுக்க."

போட்டுக்கொண்டேன்.

"இரு இரு. மழைக்காலத்துல சேறு தண்ணியா இருக்கும், ரசம் ஓடிரும். அப்ப பாதின்னு போடு."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கப்பா."

"ஒண்ணு சொன்னா பொய்யாயிரும் அம்மிணி. கால்ல இருந்து பாதி வரைக்கும்னு எழுது."